நடுப்பக்கம் இல்லாத வாரம்

போன மாதம் கம்பெனிப் பரணை ஒழித்துக்கொண்டிருந்தோம். என்றைக்கோ விற்காமல் திரும்பி வந்த பனியன் கட்டு ஒன்று மூலையில் கிடந்தது. சணலை அறுத்து மேல்தாளை உரித்தேன். உள்தாளில் ஒரு பெண் நிலைக்கண்ணாடி முன்னால் நின்றாள். கண்ணாடியில் அவள் முகத்தைக் காணோம். ஓர் ஆணின் முதுகு தெரிந்தது. அவனுக்கு முழங்கால் வரை தண்ணீர்.

கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டேன்.

எனக்குத் தெரிந்த படம் அது. எட்டாம் வகுப்புப் படிக்கும்போது பெண்கள் வாரப் பத்திரிகை ஒன்றில் வாராவாரம் நடுங்கிக்கொண்டே படித்த சித்திரக்கதை, ‘வனஜாவின் நிலைக்கண்ணாடி’. ஆனால் நான் பார்த்த வனஜாவுக்கு உயரமான கொண்டை, கையில்லாத ரவிக்கை. பேச்செல்லாம் வாய்க்குப் பக்கத்தில் குமிழிக்குள் இருக்கும். இந்த வனஜாவுக்கோ இரட்டைச் சடை, உப்பிய கை ரவிக்கை. குமிழியே கிடையாது, கட்டத்துக்கு அடியில் நாலு வரி வசனம். தாளின் பழுப்பைப் பார்த்தால் நான் பிறப்பதற்கு முந்தியதாக இருக்கும். படத்திலிருந்த சுவர்க் கடிகாரத்தைத் தேடினேன். எனக்கு நன்றாக நினைவிருந்தது, நான் படித்ததில் பத்தே கால். இதிலும் பத்தே கால்!

பழைய கதையையே எடுத்து, சடையைக் கொண்டையாக்கி, ரவிக்கைக் கையை வெட்டி, குமிழியை ஒட்டி, புதுசு என்று போட்டிருக்கிறார்கள்.

அங்கேயே பரணில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டேன். அந்தப் பத்திரிகையின் சித்திரக்கதைகளுக்கு ஒரு வரலாறு எழுத வேண்டும். தொடர்கதைகளைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இதற்கு ஒருத்தரும் இல்லை. முதலில் அட்டையின் உள்பக்கத்தில் மாமியார் மருமகள் சண்டையாக மூன்றே கட்டம். அப்புறம் அரைப்பக்கக் குடும்பத் தமாஷ். அப்புறம்தான் இரண்டு பக்கத் தொடர், அதுவும் சரியாக நடுப்பக்கத்தில். ஏன் நடுப்பக்கம்? ஓர் இதழ் பத்து வீடு சுற்றினால் முதலில் அட்டை போகும், பிறகு ஓரத் தாள்கள் போகும், கம்பிப் பின் அடித்த நடுத்தாள் மட்டும் கடைசி வரை தங்கும். வரைந்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இப்படி ஓர் அத்தியாயமே மனதுக்குள் கடகடவென்று ஓடியது. அதற்குப் பின்னாலேயே இன்னொரு நினைப்பும் ஓடி வந்தது.

அப்படியானால் கோடி வீட்டம்மா அன்றைக்குச் சொன்னது உண்மை. நாங்கள்தான் நம்பவில்லை.

பட்டப்பகல், கீழே ஓவர்லாக் தையல் மெஷின்கள் அலறுகின்றன. ஆனாலும் அந்தப் பழைய பயம் திரும்பி வந்தது.

எங்கள் பனியன் ஊரில், ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்தது ஒரு காம்பவுண்டு. எதிரும் புதிருமாக ஓட்டு வீடுகள், நடுவில் எல்லாருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். கடைசி வீட்டில் அவர் இருந்தார். தனி ஆள். பெயர் ஒன்று இருந்திருக்கும், எங்களுக்குக் கோடி வீட்டம்மாதான். நான் இப்போது டைப் அடிக்கிற இதே கம்பெனியில், பனியனை மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்குகிற மேஜையில் அவருக்கு வேலை. அடுக்கிய பெட்டிகளைக் கட்டாகச் சுற்றுவதற்குப் பழைய தாள்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கை பாட்டுக்கு மடித்துக்கொண்டிருக்க, கண் அந்தத் தாள்களைப் படித்துக்கொண்டிருக்கும் என்று கம்பெனியில் சொல்வார்கள்.

எதுவும் நடுவில் நிற்பதை அவரால் தாங்க முடியாது. முடிவைச் சொல்லியே ஆக வேண்டும். சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் எழுந்துவிடுவார். “இவ மருந்தக் குடிச்சுருவா, அவன் ஜெயிலுக்குப் போயிருவான். வாங்க போலாமுங்க, அரிசி ஊற வெச்சது அப்படியே கெடக்குது” என்பார். கூட வந்தவர்கள் மிச்சப் படத்தை வயிற்றெரிச்சலோடு பார்ப்பார்கள். அடுப்பில் பால் வைத்திருக்கும்போதே “இது திரிஞ்சுரும்” என்பார். திரியும். கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் ஒரு நாள் சலவைச் சட்டையில் வந்தார். “இவரு வேற கம்பெனி பாத்துட்டாருங்க” என்றார். பொங்கலுக்குள் மாஸ்டர் போய்விட்டார்.

பால் ஓரத்தில் நுரைக்கிற விதத்தையும் சட்டையின் மடிப்பையும் மற்றவர்களை விட உற்றுப் பார்த்தார் என்பது இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. பயந்தோம். அவர் குடத்தோடு குழாயடிக்கு வந்தால் பிள்ளைகள் கலைந்துவிடுவோம். யாரையாவது ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டால் தொலைந்தது. பரீட்சை முடிவுக்கு முந்தின நாள் என்னைப் பார்த்துவிட்டார். ஓடிப் போய்த் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்தேன். டிரம்மைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“ஏ அம்மிணி, எதுக்கு ஒளியற?”

“சொல்லாதீங்க! சொல்லீராதீங்க!”

“எதைச் சொல்றது? பாவாடை நாடா தரையில இழுபடுது, முடிச்சுப் போடுன்னு சொல்ல வந்தேன்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காம்பவுண்டுப் பெண்கள் குழாயடியில் கூடுவார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு அவர்தான் சித்திரக்கதை படித்துக் காட்டுவார். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து, வில்லனுக்கு ஒரு குரல், வனஜாவுக்கு ஒரு குரல். ‘தொடரும்’ என்ற இடத்துக்கு வந்ததும் சோற்றில் கல் கடித்தது போல முகத்தைச் சுளிப்பார். உடனே அடுத்த வாரத்துக் கதையையும் சொல்லிவிடுவார். அடுத்த வாரம் அச்சு அசலாக அப்படியே வரும். “ஆத்தாடி!” என்று வாயில் கை வைத்துக்கொள்வார்கள்.

வனஜாவின் கதை இது. அவள் புருஷன் துணி மூட்டையோடு வடக்கே வியாபாரத்துக்குப் போயிருக்கிறான். அவள் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் அவன் முதுகு தெரிகிறது. வாராவாரம் தண்ணீர் ஏறுகிறது. மூன்றாவது வாரமே கம்பெனி மேஜையில் கோடி வீட்டம்மா முடித்துவிட்டார். “அவன் வர மாட்டானுங்க. கடைசீல கண்ணாடி காலியாத்தான் இருக்கும்.” சொல்லிவிட்டு மடிக்கிற வேலையைப் பார்த்தார்.

அப்போது என் அக்கா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாமா, அதாவது அக்காவின் புருஷன், சாம்பிள் பனியன்களை எடுத்துக்கொண்டு கல்கத்தாவுக்குப் போயிருந்தார். வாரம் ஒரு கார்டு போடுவார். திடீரென்று கார்டு நின்றது. அப்பா அந்த ஊர் லாட்ஜுக்குத் தந்தி கொடுத்தார். பதில் இல்லை. கோடி வீட்டம்மா கம்பெனியில் சொன்ன முடிவு, வாய் மாறி வாய் மாறி, சரியாக அந்த வாரம் எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது.

அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

“ஒரு வாய் தின்னு சாமி. வவுத்துல ஒண்ணு கெடக்குதல்ல?” என்று அம்மா தட்டோடு பின்னாலேயே நடப்பாள்.

“இந்த வாரம் இடுப்பு வரைக்கும் தண்ணி வந்துருச்சும்மா.”

“அது கதை கண்ணு.”

“அவங்க சொன்னது எது பொய்யாப் போச்சு? நீயே சொல்லு.”

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். எங்கள் வீட்டுக் கண்ணாடியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டினாள். அதைப் பார்த்துத்தான் எனக்குச் சரியான பயம் பிடித்தது. அம்மாவும் நம்புகிறாள்! கண்ணாடி பார்க்காமலே தலை வாரி, கோணல் வகிடோடு பள்ளிக்கூடம் போனேன். இரண்டு வாரத்தில் அக்காவின் வளையல்கள் முழங்கைக்கு ஏற ஆரம்பித்தன. பிரசவம் பார்க்கிற நர்சம்மா, “இப்படியே போனா ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பில்லீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார இதழில் தண்ணீர் கழுத்துக்கு வந்திருந்தது. கீழே, ‘அடுத்த இதழில் முடிவுறும்’.

அன்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோடி வீட்டுக்குப் போனாள்.

“ஏனுங்க, நீங்க மாத்திச் சொல்லோணுமுங்க.”

“எதையுங்க?”

“வனஜா புருசன் வந்துருவான்னு என்ற புள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நடக்குது.”

கோடி வீட்டம்மா முறத்தைக் கீழே வைத்தார். “ஐயோ, நான் எங்கீங்க நடத்தறேன்? பார்சல் சுத்தற பழைய தாள்ல இதே கதை வந்துச்சுங்க. மடிக்கறப்பப் படிச்சேன். படிச்சதைச் சொன்னேன். அவ்வளவுதானுங்க.”

“பழசைப் போயி புதுசுன்னு யாராச்சும் அச்சடிச்சு விப்பாங்களா? இப்ப என்னத்துக்குங்க தன்னடக்கம்?”

“நெசமாலுமுங்க. அதுல அவளுக்கு ரெட்டைச் சடை!”

“அந்தத் தாளைக் காட்டுங்க பாக்கலாம்.”

“அது பனியனோட போயிருச்சுங்க. எந்த ஊர்ல எவன் பிரிச்சானோ.”

“சடையோ கொண்டையோ, மாத்திச் சொல்லுங்க. உங்க கால்ல விழுகறேன்.” அம்மா நிஜமாகவே குனிந்தாள்.

அவர் பதறிப் பின்னால் போய் அடுப்புச் சுவரில் முட்டிக்கொண்டார். “நான் சொல்லீட்டு, வெள்ளிக்கிழமை பேப்பர் வந்து, அதுல வேற மாதிரி இருந்தா? புள்ள என்னத்துக்கு ஆகும்?” அவர் கன்னம் துடிப்பதைப் பார்த்தேன். எங்களையெல்லாம் பயப்படுத்துகிறவருக்குப் பயம் வந்தால் நாங்கள் யாரிடம் போவது?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் பேப்பர் கடைக்கு ஓடினேன். அக்கா பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும். பார்த்து என்ன செய்வேன் என்று தெரியாது. கடைக்காரர் முன்பக்கம் தினசரிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். “வாரப் பத்திரிகை பூராத்தையும் உங்க காம்பவுண்டம்மா வாங்கிக்கிச்சு பாப்பா. ஊடு ஊடாக் கொண்டு போய்க் குடுக்குதாமா. பின்னால உக்காந்து எண்ணிக்கிட்டு இருக்குது” என்றார்.

கடைக்குப் பின்னால் போனேன். கோடி வீட்டம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் இதழ்க் கட்டு. ஒவ்வொன்றாக நடுவில் விரித்து, கோணி ஊசியால் பின்னை நிமிர்த்தி, நடுத்தாளை மட்டும் உருவி, பின்னை மறுபடி கட்டை விரலால் அழுத்தி மடக்கிக்கொண்டிருந்தார். விரலில் ரத்தம். அந்தக் குளிரிலும் கழுத்தெல்லாம் வேர்வை. என் நிழல் விழுந்ததும் திருடி போல நிமிர்ந்தார்.

அவர் காலடியில் ஒரு தாள் மல்லாந்து கிடந்தது. ஒரு கட்டம் மட்டும் கண்ணில் பட்டது. நிலைக்கண்ணாடி. அதில் ஒன்றுமே இல்லை. சட்டென்று அதன் மேல் காலை வைத்துக்கொண்டார்.

“பாத்துட்டியா?”

தலையாட்டினேன்.

“அக்காகிட்ட…”

“சொல்ல மாட்டேனுங்க.”

“எனக்குப் பயமா இருக்குது கண்ணு. உனக்கு?”

பெரியவர்கள் யாரும் என்னிடம் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. உட்கார்ந்து, நிமிர்த்திய பின்களை மடக்க ஆரம்பித்தேன்.

அன்று சாயங்காலம் காம்பவுண்டில் ஒரே கூச்சல். நடுத்தாளின் மறுபக்கத்தில் அதிரசக் குறிப்பின் பின்பாதி இருந்திருக்கிறது. “வெல்லத்தைக் கொதிக்க விடுங்கன்னு போட்டிருக்கான். எப்ப எறக்கறதுன்னு போடவே இல்லியே! கொதிச்சுக்கிட்டே கெடக்குமா?” என்று ஓர் அம்மா இதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அச்சாபீசுல தூங்கீட்டானுக போலிருக்குது” என்றார் இன்னொருவர். கதை என்ன ஆனது என்று கேட்க எல்லாரும் கோடி வீட்டம்மா பக்கம் திரும்பினார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லாமல் நேரே எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

“கடையில ஒரே ஒரு இதழ்ல நடுத்தாள் இருந்துச்சு கண்ணு. படிச்சுட்டு வந்தேன்” என்று அக்காவின் எதிரே உட்கார்ந்தார்.

எந்த முடிவையும் ஒரே வரியில் சொல்லிப் போகிறவர். அன்றைக்கு மட்டும் கட்டம் கட்டமாகச் சொன்னார். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கையாலும் காற்றில் ஒரு சதுரம் போட்டார். “மொதல்ல மழை. அப்பறம் ரயிலு. ரயில்ல கூட்டம். அவன் எறங்கறான், மூட்டையத் தலைல வெச்சிருக்கான். பனியன் பூரா அழுக்கு, கண்ணு. அழுக்குன்னா அப்படியொரு அழுக்கு. அப்பறம் குழாயில வாய வெச்சுத் தண்ணி குடிக்கறான். குடிக்கறான், குடிக்கறான்…” அம்மா செம்பை நீட்டினாள். வாங்காமல் தொடர்ந்தார். “கதவத் தட்டறான். அவ கண்ணாடியப் பாத்துட்டு நிக்கறா. இப்பக் கண்ணாடில முதுகு இல்ல, மொகம். ரெண்டு மொகம்.”

“அப்பறம்?” என்றாள் அக்கா.

“அப்பறமென்ன? சோறு போடறா. உக்காந்து திங்கறான்.”

அக்கா அவர் கைகளைப் பார்த்தாள். பிறகு திரும்பி, “அம்மா, எனக்கும் கொஞ்சம் போடு” என்றாள்.

மாமா வந்தார். உடனே இல்லை. குழந்தை பிறந்த பிறகு வந்தார், எலும்பும் தோலுமாக. கல்கத்தாவில் ஏதோ காய்ச்சலில் விழுந்து, பேச்சு மூச்சில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அம்மா சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்தாள். கோயிலுக்குப் போவதற்கு முன்னால், கோடி வீட்டு வாசலில் தேங்காய் உடைத்தாள். “நீங்க மாத்திச் சொன்னீங்க, வந்துட்டாருங்க!” என்று காம்பவுண்டே கேட்கச் சொன்னாள்.

அதிலிருந்துதான் அவருக்கு நிம்மதி போனது. முடிவு சொல்கிறவர் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், முடிவை மாற்றுகிறவர் என்று பேச ஆரம்பித்தார்கள். அவிநாசிப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து குழாயடியில் காத்திருந்தார்கள். அவர் வேலை முடிந்து சந்துச் சுவரோரமாக வந்து, கதவைச் சாத்தி உள்தாழ் போட்டுக்கொள்வார். அடுப்பில் பால் இருந்தால் அதைக்கூடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு நாள் அடுத்த தெருப் பெண் ஒருத்தி, காய்ச்சலில் துவண்ட கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கதவைத் தட்டித் தட்டித் திறக்க வைத்தாள்.

“பொழச்சுக்கும்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா.”

“எனக்குத் தெரியாதுங்க. டாக்டர்கிட்டத் தூக்கிட்டு ஓடுங்க.”

“தெரியாதுன்னு சொல்லாதீங்க! உங்களுக்கா தெரியாது?”

“தெரியாது சாமி. நெசமா எனக்குத் தெரியாது.”

அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து வீறிட்டாள். சொல்லக் கூடாததைத் தெரிந்துதான் மறைக்கிறார் என்று நினைத்துவிட்டாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. யாரோ அவளைத் தூக்கி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். மறுநாள் காலையில் கோடி வீடு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு சாமானும் இல்லை. எங்கே போனார் என்று கம்பெனியிலும் யாருக்கும் தெரியவில்லை.

பரணில் கிடைத்த தாளை அக்காவிடம் காட்டினேன். அவள் பெண் இப்போது என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று, பேப்பர் கடைக்குப் பின்னால் பார்த்ததையும் சொன்னேன். அக்கா சிரித்தாள்.

“நடுத்தாளை அந்தம்மாதான் உருவினாங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் புள்ள.”

“எப்படி?”

“நம்ம இதழ்ல பின்னு கோணலா மடங்கியிருந்துச்சு. அந்தம்மா விரல்ல துணி சுத்தியிருந்துச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?”

“பின்ன எதுக்குச் சாப்பிட்ட?”

“அவங்க கையைப் பாத்தியா, காத்துல கட்டம் போட்டப்ப? அப்படி நடுங்குச்சு. எனக்கு என்னமாச்சும் ஆயிரும்னு ஒருத்தி அவ்வளவு பயந்துக்கிட்டு உக்காந்திருக்கறா. நானும் பயந்துக்கிட்டே உக்காந்திருந்தா அவங்க போக மாட்டாங்கன்னு தோணுச்சு. அவங்களை ஊட்டுக்கு அனுப்பறதுக்காகத்தான் ஒரு வாய் தின்னேன். அப்பறம் பசிச்சுருச்சு.”

என் வரலாற்றில் எங்கே போடுவது இதை?

விசாரித்ததில் கோடி வீட்டம்மா இருக்கிற இடம் கிடைத்துவிட்டது. திருமுருகன்பூண்டியில் சிற்பப் பட்டறை ஒன்றில் கல் வேலைக்காரர்களுக்குச் சமைக்கிறாராம். வெளியூர்ப் பெண்கள் யாராவது தேடி வந்தால் பின்கட்டுக்குள் போய்விடுவாராம். எனக்கு அவரிடம் கேட்க நிறைய இருக்கிறது. இரண்டு வனஜாவையும் கடைசி வரை பார்த்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருத்தர்தான். பழைய கதையின் கடைசிக் கட்டமும் புதுசின் கடைசிக் கட்டமும் ஒன்றா? அடியில் இருந்த வசனத்தில் எதையெல்லாம் வெட்டினார்கள்? ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று கேள்விகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா குறுக்கிட்டாள். “அதெல்லாம் அப்பறம் கேட்டுக்கோ. அந்தக் கைக்கொழந்தை பொழச்சுது, அவங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டு அது வீட்டுக்கு வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். பாதிச் சினிமாவைக்கூட முடிக்காமல் விட முடியாத மனுஷி, அந்த ஒரு முடிவு தெரியாமல் இத்தனை வருஷமாகக் கல்லுளிச் சத்தத்துக்கு நடுவே சோறாக்கிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் குழந்தை இப்போது பெரிய பெண். அடுத்த தெருவில்தான் இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், தெருவே அதிரும்படி சைக்கிள் மணி அடிக்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கு முன்னால் அவள் அம்மாவிடம் கேட்க வேண்டும். கோடி வீட்டம்மாவின் பெயரை எடுத்தால், ஒரு வார்த்தை சொல்ல மறுத்தார் என்று இன்றைக்கும் மண்ணை வாரித் தூற்றுகிறவள் அவள். கதவை முகத்தில் அறைந்தாலும் அறைவாள். பயமாகத்தான் இருக்கிறது. இன்று ஷிப்ட் விட்டதும், அக்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அந்தக் கதவைத்தான் முதலில் தட்டப் போகிறேன்.